ஃபைலோட பாண்டி போறீங்களா? தெற்கு வாசல் வழியா ஒரு ரவுண்டு!

அட்மிஷன், சர்ட்டிஃபிகேட் வெரிஃபிகேஷன், ஸ்காலர்ஷிப், கவர்ன்மென்ட் வேலைக்கான எக்ஸாம்... ஏதோ ஒரு காரணம். காரைக்கால் பக்கத்து ஸ்டூடன்ட்ஸ் எல்லாரும் படிப்பு முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது பாண்டிக்குப் போயே ஆகணும். போவீங்க. க்யூவுல நிப்பீங்க. 'ரெண்டு செட் ஜெராக்ஸ் வேணும்'பாங்க, ஓடுவீங்க. வேலை முடியறப்போ மணி ரெண்டு. ஒரு மீல்ஸ், மறுபடியும் பஸ். ராத்திரி வீட்டுல, 'பாண்டி எப்படிப்பா இருந்துச்சு?'ன்னு கேட்டா, 'செம வெயில்' அப்படின்னு ஒரே வார்த்தையில பதில்!

சென்னைப் பசங்களுக்குப் பாண்டின்னா வீக் எண்ட். பெங்களூருக்காரங்களுக்கு மஞ்சள் சுவர் முன்னாடி ஃபோட்டோ. கடலூர், விழுப்புரம் பக்கத்துல சில பேருக்கு அது வேற 'காரணம்'. (காரைக்கால்காரங்களுக்கு அந்தக் காரணம் உள்ளூர்லயே கிடைக்கும்கிறதால அதை இதோட விட்டுடலாம்.) ஆனா, உங்களுக்கு அது சொந்தத் தலைநகரம். சொந்தத் தலைநகரத்தை ஒரு க்யூவாவும் ஒரு ஜெராக்ஸ் கடையாவும் மட்டும் பார்த்துட்டு வந்தா எப்படி பாஸ்? அதுக்காகத்தான் இந்த ரூட் மேப்.

ஸ்டார்ட்டிங் பாயின்ட்டை மண்டபத்தூர்னு வெச்சுக்குவோம். காரைக்கால் மாவட்டத்து மீனவ கிராமங்களை எண்ணினா வடக்குக் கோடியில மண்டபத்தூர், தெற்குக் கோடியில வடக்கு வாஞ்சூர். (தெற்குல இருக்கிற ஊருக்குப் பேரு 'வடக்கு' வாஞ்சூர். நம்ம ஏரியாவுல பேருக்கும் திசைக்கும் என்னிக்கும் ஒத்து வராது!) பக்கத்துல திருவேட்டக்குடியில இருக்கிற என்.ஐ.டி.யைப் பாருங்க. போர்டுல 'புதுச்சேரி', நிக்கிறது காரைக்கால் மண்ணுல. கடற்கரைச் சாலையில சைக்கிள் ஓட்டற கனவோட வடக்கே இருந்து ரயிலேறி வர்ற பசங்க, 'பாண்டி எங்கே?'ன்னு கேட்டா, 'இன்னும் 130 கிலோமீட்டர் தம்பி'ங்கிறதுதான் பதில்.

ஏன் இவ்ளோ தூரம்? 1739-ல காரைக்கால் பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்துச்சு. பாண்டி, காரைக்கால், மாஹே, ஏனாம்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத நாலு துண்டுகளை அவங்க கடைசி வரைக்கும் வெச்சிருந்தாங்க. 1954 நவம்பர் 1-ல நிர்வாகம் இந்தியா கைக்கு மாறுச்சு. சட்டப்படி முழுசா இணைஞ்சது 1962 ஆகஸ்ட் 16. துண்டுகள் மட்டும் அப்படியே நின்னுடுச்சு. அதனாலதான் ஒரு கையெழுத்துக்காக இன்னொரு மாநிலத்தைத் தாண்டிப் போறோம். இது நியாயமான்னு கேட்டா, இல்லைதான். விண்ணப்பம் எல்லாம் ஆன்லைனுக்கு வந்த பிறகும் 'ஒரிஜினலோட நேர்ல வாங்க'ங்கிற வரி மட்டும் ஒழியவே மாட்டேங்குது. சரி, எப்படியும் போகத்தான் போறோம். போற நாளை உருப்படியா ஆக்கிக்கலாம்.

பூவத்துல பஸ் ஏறினா அடுத்த நிமிஷம் நண்டலாறு. பாலத்தைத் தாண்டினா தமிழ்நாடு. தரங்கம்பாடியில 1620-ல டென்மார்க்காரங்க கோட்டை கட்டினாங்க. அப்புறம் சீர்காழி, கொள்ளிடம், சிதம்பரம், கடலூர். மூணரையில இருந்து நாலு மணி நேரம், ரெண்டு மாவட்டம். தூங்குறதுன்னா இங்கயே தூங்கிடுங்க. கடலூர் தாண்டி முள்ளோடை வந்ததும் முழிச்சுக்கணும். மறுபடியும் நம்ம ஸ்டேட். கடைகளோட போர்டுல 'கொம்யூன் பஞ்சாயத்து' வந்துடும். கமூன், கொம்யூன்னு ஆபீஸ்ல பேசறதும், முனிசிபாலிட்டியை 'மேரி'ன்னு சொல்றதும், பிரெஞ்சு ராணுவத்துல இருந்த தாத்தாவை 'சொல்தா'ன்னு கூப்பிடறதும் பாண்டிக்கும் காரைக்காலுக்கும் மட்டுமே புரியற பாஷை. சீர்காழிக்காரருக்குச் சொன்னா முழிப்பார்.

இப்போ ஒரு ரகசியம். டூரிஸ்ட் புக்ல இருக்கிற பாண்டி எல்லாம் சென்னையில இருந்து ஈ.சி.ஆர்ல இறங்கி வர்றவங்களுக்காக எழுதினது. ஆரோவில்ல ஆரம்பிச்சு பீச்ல முடியும். நீங்க வர்றது கடலூர் ரோடு, அதாவது தெற்கு வாசல். இந்தப் பக்கம் யாரும் ஃபோட்டோ எடுக்கறதில்லை. ஆனா ஊரோட கதை ஆரம்பிக்கிறதே இங்கதான்!

ஒரு நாள் முன்னாடியே கிளம்ப முடிஞ்சா அரியாங்குப்பத்துல இறங்குங்க. ஆட்டோ பிடிச்சு காக்காயந்தோப்பு தாண்டினா ஆத்தங்கரையில அரிக்கமேடு. போனதும் ஏமாந்துடாதீங்க. மாந்தோப்பு, தென்னை, இடிஞ்ச செங்கல் சுவர் ஒண்ணு. அந்தச் சுவரும் 18-ம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடத்தோட மிச்சம்தான். நிஜமான பழசு காலுக்குக் கீழே இருக்கு. 1945-ல மார்ட்டிமர் வீலர் இங்க தோண்டினப்போ இத்தாலியில செஞ்ச சிவப்பு மட்பாண்டங்களும், திராட்சை மது கொண்டுவந்த ஜாடித் துண்டுகளும் கிடைச்சுது. கண்ணாடியிலயும் கல்லுலயும் மணி செய்யற பட்டறை இருந்த ஊர் இது. தோண்டின குழிகளை மூடிட்டாங்க, பொருட்கள் மியூசியத்துக்குப் போயிடுச்சு.

அப்புறம் எதுக்குப் போகணும்? சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடி கிரேக்க மொழியில எழுதின 'பெரிப்ளஸ்'ங்கிற கடல் வழிக் குறிப்பு, இந்தக் கரையில வரிசையா துறைமுகங்களைச் சொல்லுது. அதுல 'கமரா', அடுத்தது 'பொதுகே'. கமராவைக் காவிரிப்பூம்பட்டினம்னும், பொதுகேவை அரிக்கமேடுன்னும் ஆய்வாளர்கள் பலர் எடுத்துக்கிறாங்க. காவிரிப்பூம்பட்டினம் மண்டபத்தூருக்கு வடக்கே, நீங்க காலையில பஸ்ல தாண்டி வந்த பூம்புகார்தான். அப்போ நீங்க இன்னிக்கு வந்த ரூட் அன்னிக்குக் கப்பல் ரூட்! இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்த ஆத்தங்கரையில ஒரு பத்து நிமிஷம் நின்னீங்கன்னா, மாந்தோப்பு வேற மாதிரி தெரியும்.

அடுத்த பஸ் பிடிச்சு ஊருக்குள்ள வர்றப்போ முதலியார்பேட்டை. கடலூர் சாலையில பெரிய மில் காம்பவுண்டு சுவர் வரும். 1898-ல தொடங்கி 2020-ல மூடின ஏ.எஃப்.டி. மில். ஒரு காலத்துல பாண்டியோட மூச்சே இந்த மில்கள்தான். 1936 ஜூலை 30-ல வேலைநிறுத்தம் செஞ்ச ஆலைத் தொழிலாளர்கள் மேல துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தாங்க. அந்தப் போராட்டத்துக்கு அப்புறம்தான் இங்க எட்டு மணி நேர வேலை சட்டமாச்சு. வ.சுப்பையாங்கிற பேரை இந்த ஊர்ல எங்க கேட்டாலும் இந்தக் கதை பின்னாடியே வரும். செல்ஃபி ஸ்பாட் கிடையாது. ஆனா, நாளைக்கு கேம்பஸ் இன்டர்வியூல 'வொர்க்கிங் அவர்ஸ் எவ்ளோ சார்?'னு கேட்கப் போறவங்க ஒரு தடவை ஜன்னல் வழியா பார்த்து வெச்சுக்கலாம்.

பஸ் ஸ்டாண்டு. லக்கேஜ் கம்மியா இருந்தா நடங்க. பாண்டி நடக்கறதுக்காகவே போட்ட ஊர். ஒரு தெரு விட்டு ஒரு தெரு நேர்கோட்டுல ஓடும், தொலைஞ்சு போகவே முடியாது. இந்தக் கட்டம் போட்ட பிளான் டச்சுக்காரங்க 1690-கள்ல ஊரைப் பிடிச்சு வெச்சிருந்தப்போ போட்டது. நடுவுல ஒரு பெரிய வாய்க்கால். அதுக்குக் கிழக்கே கடல் வரைக்கும் வெள்ளைக்காரங்க இருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. இன்னிக்கும் வாய்க்காலைத் தாண்டினா வீட்டோட முகமே மாறும். கிழக்கே உயரமான மதில், பெரிய கேட், உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது. மேற்கே தெருவைப் பார்த்த திண்ணை.

கிழக்குப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் போதும்னு நான் சொல்வேன். மஞ்சள் சுவர், போகன்வில்லா, ரெண்டு ஃபோட்டோ, ஓகே. 'ஆஹா, எவ்ளோ பழைய பிரெஞ்சு வீடு'ன்னு ரொம்ப உருகவும் வேண்டாம். 1761-ல இங்கிலீஷ்காரங்க பாண்டியைப் பிடிச்சு ஊரையே இடிச்சுத் தள்ளிட்டாங்க. இப்போ நிக்கறது அதுக்கப்புறம் கட்டினது. கடற்கரையில இருக்கிற மேரி கட்டடம் இன்னும் புதுசு. பழசு 2014 நவம்பர்ல ஒரு மழை நாள்ல சரிஞ்சு விழுந்துச்சு, அதே மாதிரி மறுபடி கட்டி 2021-ல திறந்தாங்க. எதிர் வரிசையில இருக்கிற போர் நினைவுச் சின்னம் மட்டும் நின்னு பாருங்க. முதல் உலகப் போர்ல பிரான்ஸுக்காக உயிர் விட்ட பிரெஞ்சு இந்தியர்களுக்காக 1938-ல திறந்தது. பிரெஞ்சு இந்தியான்னா காரைக்காலும் சேர்த்துதான்.

கடற்கரை ரோட்டுல சாயங்காலம் வண்டிகளை நிறுத்திடுவாங்க, ஜாலியா நடக்கலாம். காந்தி சிலையைச் சுத்தி இருக்கிற கல் தூண்கள் செஞ்சியில இருந்து வந்ததுன்னு எல்லாரும் சொல்லிடுவாங்க. கரையோரம் ஏன் இத்தனை கருங்கல்லுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நீவாடு எப்போ எந்தப் பக்கம்னு வீட்டுல பேசறதைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு இது ஈஸியா புரியும். நம்ம கரையில வருஷத்தோட பெரும் பகுதி அலை மணலைத் தெற்கே இருந்து வடக்கே தள்ளிக்கிட்டே போகும். 1980-களோட கடைசியில ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடல்ல சேர்ற இடத்துல துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள கல் சுவர் நீட்டினாங்க. மணல் அந்தச் சுவர்ல மாட்டிக்கிச்சு. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்துச்சு, வடக்குப் பக்கம் கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சுது. ஊரைக் காப்பாத்த கல்லைக் கொட்டினாங்க. ஒரு தலைமுறை பாண்டிப் பசங்க மணல் இல்லாத பீச்லதான் வளர்ந்தாங்க. 2018-19ல தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணிக்கு அடியில இரும்பால ஒரு செயற்கைத் தடுப்பை இறக்கின பிறகு, தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்துச்சு. டூரிஸ்ட் அதுல உட்கார்ந்து சோளம் சாப்பிடறாங்க.

அங்கிருந்து வடக்கே அப்படியே நடங்க. பத்து, பதினைஞ்சு நிமிஷத்துல குருசுக்குப்பம், அதைத் தாண்டி வைத்திக்குப்பம். வலை, படகு, மீன் வாசனை. ஹோம்சிக் ஆயிடுவீங்க! மாசி மகத்தப்போ சுத்து வட்டாரக் கோயில் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து சேர்றது இந்த வைத்திக்குப்பம் கரைக்குத்தான். கருங்கல்லுக்கு நடுவுல படகு ஏத்தறதுக்கு இவங்க படற பாட்டைப் பார்த்தா, சுவர் கட்டினது ஒரு இடத்துல, கரை போனது இன்னொருத்தர் வாசல்லங்கிறது சொல்லாமலே புரியும். ஊருக்குப் போனதும் அப்பாகிட்ட சொல்லுங்க. நீங்க பார்த்ததுல அவர் கவனமா கேட்கப்போற விஷயம் இதுவாத்தான் இருக்கும்.

இன்னொரு கடற்கரைக் கதை. 1769-ல லெ ஜாந்தின்னு ஒரு பிரெஞ்சு வானியல்காரர் பாண்டியில தவம் கிடந்தார். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் போறதைப் பார்க்கணும். 1761-ல வந்தப்போ போர் நடந்ததால கரையில கால் வைக்கவே முடியலை. எட்டு வருஷம் இந்தப் பக்கக் கடல்லயே சுத்திட்டு, அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருந்தார். அந்த நாள் காலையில... மேகம்! ஊருக்குத் திரும்பிப் போனா, ஆள் செத்துட்டார்னு சொத்தைப் பிரிக்க ஆரம்பிச்சிருந்தாங்க. 'அதிகாரி இன்னிக்கு லீவு, நாளைக்கு வாங்க'ன்னு சொல்றப்போ இவரை நினைச்சுக்கங்க, மனசு லேசாயிடும்.

இப்போ மேற்குப் பக்கம். இங்கதான் டைம் செலவழிக்கணும். ரங்கப்பிள்ளை தெருவுல ஆனந்தரங்கப் பிள்ளையோட மாளிகை இருக்கு. வெளியில இருந்து பார்த்தாலும் சரி. 1736-ல இருந்து 1761 வரைக்கும் இந்த மனுஷர் டைரி எழுதினார். கப்பல் வந்தது, கவர்னர் கோவிச்சுக்கிட்டது, யார் யாருக்கு லஞ்சம் கொடுத்தாங்கங்கிற வரைக்கும்! காரைக்கால் பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்த 1739-ம் அந்த டைரியோட காலத்துக்குள்ளதான் வருது.

பெருமாள் கோயில் தெருவுல பாரதிதாசன் வாழ்ந்த வீடு. இப்போ நினைவு இல்லம். அவரை 'பாண்டிக் கவிஞர்'னு அவங்க உரிமை கொண்டாடினா, நீங்க ஒரு விஷயத்தை எடுத்து விடலாம்: கனகசுப்புரத்தினம் வாத்தியார் வேலையில சேர்ந்தது 1909-ல, காரைக்கால் நிரவியில! ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல பாரதியோட வீடு. 1908-ல இங்கிலீஷ் போலீஸ்கிட்ட தப்பிச்சு வந்தவர், பத்து வருஷம் இங்க இருந்தார். எல்லையைத் தாண்டினா அரெஸ்ட், இந்தப் பக்கம் சுதந்திரம். முள்ளோடையில பஸ் அசால்ட்டா தாண்டுற அதே மாதிரி ஒரு எல்லைக்கோடுதான் அவருக்கு உயிர்.

கடற்கரைப் பக்கம் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கு. 1955-ல தொடங்கினது. இங்கயும், பக்கத்துல இருக்கிற தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியிலயும் இருக்கிற சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல உலக நினைவுப் பதிவேட்டுல சேர்த்துச்சு. ஆனா, உங்களுக்கான விஷயம் வேற. இந்த நிறுவனத்தோட வெளியீட்டு வரிசையில நம்பர் 1 என்ன தெரியுமா? 1956-ல காரைவேலன் பிரெஞ்சுல மொழிபெயர்த்த காரைக்கால் அம்மையார் பாடல்கள்! மாம்பழக் கதையா மட்டும் நமக்குத் தெரிஞ்ச நம்ம ஊர் அம்மாதான் அவங்களுக்கு முதல் புத்தகம். ஆராய்ச்சி ஆர்வம் இருக்கிறவங்க முறையா கேட்டா லைப்ரரியில உட்காரலாம்.

பாரதி பூங்கா நடுவுல வெள்ளையா நிக்கிற ஆயி மண்டபம் உங்களுக்குத் தெரியும், அரசு முத்திரையிலயே இருக்கு. சொந்த வீட்டை இடிச்சுக் குளம் வெட்டின ஆயிங்கிற பெண்ணோட பேர்ல, ஊருக்குத் தண்ணி வந்ததுக்காகக் கட்டினதுன்னு கதை சொல்றாங்க. பூங்காவை ஒட்டி சட்டசபை. தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேர்ல காரைக்கால் பங்கு 5. கம்மிதான். ஆனாலும் காரைக்கால்காரரான எஸ்.ராமசாமி 1970-கள்ல ரெண்டு தடவை முதலமைச்சர் நாற்காலியில உட்கார்ந்திருக்கார்.

அப்புறம் சில விஷயங்கள் சட்டுபுட்டுனு. மியூசியம் திங்கட்கிழமை லீவு, அரிக்கமேட்டுப் பொருட்களைப் பார்க்கணும்னா அதுக்கேத்த மாதிரி பிளான் பண்ணுங்க. 1827-ல தொடங்கின ரோமன் ரோலண்ட் லைப்ரரி அரசாங்கத்தோடது, அதாவது உங்களோடது. பேப்பர் படிக்கற சாக்குல மத்தியான வெயிலை அங்க ஓட்டிடலாம். ஞாயித்துக்கிழமைன்னா காந்தி வீதியில சண்டே மார்க்கெட், டீ ஷர்ட்டுல இருந்து செகண்ட் ஹேண்ட் புக் வரைக்கும் பேரம் பேசற தைரியத்தைப் பொறுத்து விலை. சாப்பாட்டுக்கு ஒயிட் டவுன் கஃபேக்களோட மெனு கார்டை வலது பக்கத்துல இருந்து படிச்சுட்டு மரியாதையா வெளியே வந்துடுங்க. குபேர் மார்க்கெட்டைச் சுத்தி வயிறும் பர்ஸும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி மெஸ் கிடைக்கும். பேக்கரியில நீளமான பிரெஞ்சு ரொட்டி ஒண்ணு வாங்கிக்கங்க, பஸ்ல பிச்சுத் தின்னுக்கிட்டே வரலாம். ஆரோவில், ஊசுட்டேரி எல்லாம் இந்த ட்ரிப்ல வேண்டாம். அதுக்குத் தனியா ஒரு நாள் வேணும்.

டைம் இருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு எக்ஸ்ட்ரா. வில்லியனூர் தாண்டி கீழூர். 1954 அக்டோபர் 18-ல பாண்டி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்க கூடி, இந்தியாவோட சேரலாமான்னு ஓட்டுப் போட்டாங்க. 170 பேர் சேரலாம், 8 பேர் வேண்டாம். காரைக்கால்ல இருந்து அன்னிக்குக் கிளம்பி வந்தவங்களுக்கும் இதே தூரம்தான், ஆனா நம்ம பஸ் மாதிரி ரோடு கிடையாது. நினைவு மண்டபம் சின்னது. ஆகஸ்ட் 16 தவிர மத்த நாள்ல கூட்டமே இருக்காது.

திரும்பறப்போ கடைசி பஸ்ஸை நம்பி பீச்ல உட்கார்ந்துடாதீங்க. சாயங்காலம் ஆறு, ஆறரைக்குள்ள ஏறிட்டா பத்தரைக்கு ஊர். ஏறும்போதே கண்டக்டர்கிட்ட, 'அண்ணே, பூவத்துல நிக்குமா?'ன்னு கேட்டுடுங்க. நிக்காத வண்டின்னா காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுபோய் இறக்கிடுவாங்க. அந்த நேரத்துல அங்கிருந்து மண்டபத்தூருக்கு ஆட்டோக்காரர் சொல்றதுதான் ரேட்டு. ஃபைல் சீட்டுக்கு மேல இருக்கிற ரேக்ல இருக்கு, இறங்கறப்போ மறந்துடாதீங்க!